நாற்பதைத் தாண்டியபின் வீட்டில் எடைப்பயிற்சி: எந்தக் கருவியை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முதன்முதலில் டம்பெல்லைக் கையில் எடுத்தபோது எனக்கு 47 வயது. அதுவரை விளையாட்டுப் பழக்கமோ உடற்பயிற்சிக் கூடமோ கிடையாது. ஏழு வருடங்களாக வீட்டிலேயே எடை தூக்கி வருகிறேன் என்று தெரிந்ததும், அதே வயதில் இருக்கும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்த வயதில் தொடங்கினால் உடம்பு கேட்குமா?

கேட்கும். முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதைத் தாண்டினால் அந்த வேகம் இன்னும் கூடும். இப்படி வயதோடு தசை கரைவதற்கு 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். அதற்கு மறுவருடமே, 1990இல், மரியா ஃபியாட்டரோன் தலைமையிலான குழு ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தது. அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. மிகவும் தளர்ந்த நிலையிலிருந்து தொடங்கியவர்கள் என்பதால்தான் அவ்வளவு பெரிய எண். உங்களுக்கும் எனக்கும் அப்படியே வராது. ஆனால் தொண்ணூறில் கேட்கிற தசை ஐம்பதில் கேட்காமல் போகாது.

எவ்வளவு செய்வது என்றால், உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்குக் குறைந்தது 2 நாள் தசைகளுக்கான பயிற்சி வேண்டும் என்கிறது. நடைப்பயிற்சி அந்தக் கணக்கில் வராது, அது தனி.

மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டுமா?

கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண்ணில் கிளாக்கோமா, சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்பு, சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கண்டிப்பாகக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கனமான பொருளைத் தூக்கும்போது நம்மை அறியாமல் தம் கட்டுவோம். அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் சட்டென்று மேலே ஏறும், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறும். அதனால்தான் இந்த எச்சரிக்கை. யாராக இருந்தாலும் தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். பழகும்வரை வாயால் எண்ணிக்கொண்டே தூக்கினால் தம் கட்ட முடியாது.

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும். எது?

பிளேட்டை, அதாவது எடை வட்டை, கழற்றி மாட்டக்கூடிய டம்பெல் ஒரு ஜோடி. இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை.

எல்லோரும் கடையில் ஒரு டம்பெல்லைக் கையில் எடுத்து, இரண்டு முறை மடக்கிப் பார்த்து, "இது எனக்குச் சரியாக இருக்கிறது" என்று வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் 5 கிலோ ஜோடி ஒன்றை வாங்கினேன். இரண்டாவது மாதம் அது காலுக்குப் போதவில்லை. தோளைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சிக்கோ அது ஆறு மாதம் கழித்தும் அதிகமாகவே இருந்தது. உடம்பில் எல்லாத் தசைக்கும் ஒரே பலம் கிடையாது. ஸ்குவாட்டில் (எடையோடு உட்கார்ந்து எழுவதில்) 12 கிலோவைச் சாதாரணமாகத் தாங்குகிற அதே ஆள், கையைப் பக்கவாட்டில் நீட்டினால் 3 கிலோவுக்கே திணறுவார். ஒரே எடையுள்ள ஜோடி இதில் ஏதோ ஒரு பயிற்சிக்குத்தான் பொருந்தும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இன்று தூக்கும் எடையைவிட, அடுத்து தூக்கப் போகும் எடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்த தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், எடையைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும் முறையை ஒழுங்குபடுத்தினார். இன்று வரை எடைப்பயிற்சியின் அடிப்படை அதுதான். படிப்படியாக ஏற வேண்டுமென்றால் கையில் படிகள் இருக்க வேண்டும், அவை காலுக்கு எட்டும் உயரத்திலும் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோவிலிருந்து 7.5 கிலோவுக்குப் போவது 50 சதவீத உயர்வு. 10லிருந்து 12.5 என்றால் 25 சதவீதம். 20லிருந்து 22.5 என்றால் 12.5 சதவீதம்தான். அதே 2.5 கிலோதான், ஆனால் கீழே இருப்பவருக்கு அது மலை. தொடக்கத்தில் இருக்கிற நாம்தான் கீழே இருக்கிறோம். இருபது வயது உடம்பு அந்தத் தாவலைத் தாங்கிவிடும். நம் வயதில் தசை தயாரானாலும், அதை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் தயாராவதற்கு இன்னும் நாளாகும். நடுவயதில் தொடங்குகிறவர்களுக்கு முழங்கையும் தோளும் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தத் தாவலில்தான்.

அப்படியென்றால் எந்த பிளேட்டெல்லாம் வேண்டும்?

டம்பெல்லில் பிளேட்டை இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும். எனவே 1.25 கிலோ பிளேட்டுதான் உங்களிடம் இருப்பதிலேயே சிறியது என்றால், ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏறும். 0.5 கிலோ பிளேட் இருந்தால் 1 கிலோதான் ஏறும். ஜோடிக்கு அதில் நான்கு வேண்டும். செட்டாக விற்பவர்கள் பெரும்பாலும் இதைச் சேர்ப்பதில்லை, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். நான் வாங்கியதில் எடை குறைவானதும் பலன் அதிகமானதும் இந்த நான்கு சிறு வட்டுகள்தான்.

ஒரு டம்பெல்லுக்கு 0.5 கிலோ இரண்டு, 1.25 கிலோ இரண்டு, 2.5 கிலோ நான்கு என்று வைத்துக்கொண்டால், 2 கிலோ தண்டோடு சேர்த்து 15.5 கிலோ வரை போகலாம். முதல் வருடத்துக்கு மேல்பாதி உடம்புக்கு இது தாராளம். காலுக்குப் போதாமல் வரும்போது பிளேட் மட்டும் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம். அதை மனதில் வைத்து, தண்டு நீளமானதாகப் பார்த்து எடுங்கள்.

ஏற்கெனவே மாற்ற முடியாத டம்பெல் வீட்டில் கிடக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். 0.5 கிலோ மணிக்கட்டு எடைப்பட்டை ஒரு ஜோடி வாங்குங்கள். 5 கிலோ டம்பெல்லோடு அதைக் கட்டிக்கொண்டால் 5.5 ஆகிறது. பெரிய தாவலுக்கு நடுவில் ஒரு படி கிடைத்துவிடும்.

மரை போட்ட நட்டு உள்ளதா, சட்டென்று எடை மாற்றும் டயல் வகையா?

இரண்டும் நல்லவைதான், ஆனால் குணம் வேறு.

மரைத் தண்டில் நட்டைச் சுற்றிப் பூட்டும் வகை எளிமையானது, வருடக்கணக்கில் உழைக்கும், தனித்தனியாக பிளேட் சேர்க்கலாம். குறை என்னவென்றால், எடை மாற்ற நான்கு நட்டையும் திருக வேண்டும், ஒரு நிமிடமாவது ஆகும். இன்னொன்றும் இருக்கிறது. நட்டுக்கு உள்பக்கம் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் ஒரு நட்டின் வளையம் காணாமல் போயிருந்தது, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியில் மூன்றாவது செட் (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்றுதான் செட்), கை மேலே இருக்கும்போது 'டிக் டிக்' என்று இரும்பு இரும்போடு தட்டும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் நட்டு பாதிக்கு மேல் கழன்று, பிளேட் சாய்ந்து நின்றது. மெதுவாக இறக்கிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் நான்கு நட்டையும் ஒரு முறை இறுக்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எண்ணிக்கையை முடிக்கப் பார்க்காதீர்கள், உடனே இறக்குங்கள்.

டயல் வகையில் ஒரு திருப்பில் எடை மாறும், இடமும் மிச்சம். ஆனால் உள்ளே பூட்டும் பாகங்கள் நுணுக்கமானவை, கீழே போட்டால் கெடும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எத்தனை கிலோ வித்தியாசம் என்பதைப் பெட்டியின் மேல் பார்த்துவிட்டு வாங்குங்கள். எடை மாற்றச் சோம்பல்பட்டுப் பயிற்சியையே விட்டுவிடுவேன் என்று நினைக்கிறவர்களுக்கு இதுதான் பொருத்தம்.

ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) மட்டும் போதுமா?

தொடங்குவதற்குப் போதும். பயணத்துக்கும் தோள், முதுகுப் பயிற்சிகளுக்கும் அருமை. குறை என்னவென்றால், பேண்ட் இழுக்க இழுக்க இறுகும். ஆரம்பத்தில் சுமையே இருக்காது, கடைசியில் மொத்தமாக வந்து நிற்கும். நேற்று எவ்வளவு இழுத்தோம், இன்று எவ்வளவு என்று எண்ணால் சொல்ல முடியாது, இரண்டு அங்குலம் தள்ளி நின்றாலே சுமை மாறிவிடும். காலுக்கும் சீக்கிரமே போதாமல் போகும்.

பேண்டை வெயிலில் வைக்காதீர்கள். ரப்பர் காய்ந்து பிளக்கும். ஒவ்வொரு முறையும் இழுக்கும் முன் லேசாக நீட்டி விரலால் தடவிப் பாருங்கள், நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அன்றே எறிந்துவிடுங்கள். அறுந்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். கதவில் மாட்டுவதாக இருந்தால், நீங்கள் இழுக்கும் திசையில் அந்தக் கதவு திறக்கக் கூடாது. இழுக்க இழுக்கக் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும் பக்கத்தில் நில்லுங்கள்.

கெட்டில்பெல் (மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு)?

இரண்டாவதாக வாங்கலாம், முதலாவதாக வேண்டாம். பரவலாகக் கிடைப்பவை 8, 12, 16 என்று நான்கு நான்கு கிலோவாக ஏறும். 8லிருந்து 12 என்றாலே 50 சதவீதத் தாவல். மேலும் அதன் பெயர் பெற்ற பயிற்சியான ஸ்விங்கை (கால்களுக்கு நடுவிலிருந்து முன்னால் வீசி உயர்த்துவது), இடுப்பை மடக்கும் விதம் கைவராமல் செய்தால் சுமை முழுவதும் கீழ்முதுகுக்குப் போய்விடும். தரையிலிருந்து எடுப்பது, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்குவாட் செய்வது, ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடப்பது ஆகிய மூன்றுக்கும் கெட்டில்பெல் மிகவும் வசதி.

பார்பெல் (இரண்டு முனையிலும் பிளேட் மாட்டும் நீளக் கம்பி) இல்லாமல் பலம் வராது என்கிறார்களே?

வரும். நீண்ட காலத்தில் நிறைய எடை தூக்க பார்பெல்தான் சிறந்தது என்பது உண்மை. ஆனால் ஒலிம்பிக் பார் வெறும் கம்பியே 20 கிலோ, நீளம் 2.2 மீட்டர். இரண்டு பக்கமும் நின்று பிளேட் மாட்ட இடம் விட்டால் 3 மீட்டருக்கு மேல் காலியாக வேண்டும். ஸ்குவாட்டுக்குத் தாங்கி வேண்டும், அதில் பாதுகாப்புக் கம்பிகளும் வேண்டும். தனியாக இருக்கும் வீட்டில், பாதுகாப்புக் கம்பி இல்லாமல், பெஞ்சில் படுத்துக்கொண்டு பார்பெல் தூக்காதீர்கள். கை சோர்ந்தால் அது நெஞ்சின் மேலோ கழுத்தின் மேலோதான் வந்து உட்காரும். டம்பெல் என்றால் பக்கவாட்டில் இறக்கிவிடலாம்.

வாங்குவதென்று முடிவு செய்தால் துளை அளவைப் பாருங்கள். ஒலிம்பிக் பாருக்கு 50 மி.மீ. துளையுள்ள பிளேட் வேண்டும், சாதாரணக் கம்பிக்குச் சுமார் 25 மி.மீ. துளை. இரண்டையும் கலந்து வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க அலைகிறவர்கள் ஏராளம்.

எல்லாம் ஒன்றாக இருக்கும் மல்டி-ஜிம் வாங்கிவிட்டால் தொல்லை விட்டதே?

சமநிலைத் தடுமாற்றம் உள்ளவர்களுக்கும், எடை கையிலிருந்து நழுவிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கும் அது நல்லது. மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை. ஒரு முறை பூட்டினால் அந்த மூலையை விட்டு நகராது. இருக்கையும் கைப்பிடியும் சராசரி உயரத்துக்குச் செய்யப்பட்டவை. நீங்கள் குட்டையாகவோ நெட்டையாகவோ இருந்தால் மூட்டு, இயந்திரம் போகச் சொல்லும் பாதையில்தான் போக வேண்டும். எடை அடுக்கில் எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. கப்பி அமைப்பைப் பொறுத்து எடையைத் தேர்ந்தெடுக்கும் ஊசியை 40 கிலோவில் செருகினாலும் கையில் 20 கிலோதான் இறங்கலாம். அந்த எண்ணை உங்கள் சொந்தக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெஞ்ச் அவசியமா?

முதல் மூன்று மாதம் அவசியமில்லை. தரையில் படுத்தே நெஞ்சுப் பயிற்சி செய்யலாம். முழங்கை தரையைத் தொட்டதும் நின்றுவிடுவதால் தோளுக்கு அது பாதுகாப்பும்கூட.

வாங்கும்போது இரண்டு விஷயம். தாங்கும் எடை என்று எழுதியிருப்பதில் உங்கள் உடல் எடையும் அடக்கம். 80 கிலோ ஆள் இரண்டு கையிலும் 15 கிலோ வைத்துக்கொண்டு படுத்தால் 110 கிலோ. 120 என்று எழுதிய பெஞ்ச் அதற்கு மிகவும் ஒட்டிப்போகிறது. இரண்டாவது, படுத்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். பவர்லிஃப்டிங் போட்டிகளில் பெஞ்சின் உயரம் 42 முதல் 45 செ.மீ. வரை. குள்ளமானவர்களுக்கு அதுவே உயரம்தான், பாதத்துக்கடியில் ஒரு பிளேட்டை வைத்துக்கொள்ளலாம்.

மாடி வீடு. தரை தாங்குமா?

தாங்கும். பல நாடுகளின் கட்டிட விதிகள் குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 முதல் 200 கிலோ என்று கணக்கிடுகின்றன. உங்கள் டம்பெல் ஜோடி முழு எடையில் 40 கிலோகூட வராது. பிரச்சினை கீழே போடுவதில்தான். ஓடு விரியும், கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். 8 அல்லது 10 மி.மீ. கெட்டியான ரப்பர் விரிப்பு போதும். புதிர் போலக் கோத்துப் போடும் மெத்தென்ற பஞ்சு விரிப்பை வாங்கும் முன் அதன்மேல் வெறுங்காலோடு ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். கணுக்கால் ஆடினால், எடையோடு நிற்க அது உதவாது.

முழங்கால் வலி, தோள் வலி இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

இங்கும் டம்பெல்தான். பார்பெல்லில் இரண்டு கையும் ஒரே கம்பியில் பூட்டிக்கிடக்கும். டம்பெல்லில் உள்ளங்கைகளை ஒன்றையொன்று பார்க்கிற மாதிரித் திருப்பிக்கொள்ளலாம், தோளுக்கு அது எத்தனையோ மேல். முழங்காலுக்கு நாற்காலிதான் கருவி. உட்கார்ந்து எழுவதே ஸ்குவாட். உயரமான நாற்காலியில் தொடங்கி, மாதங்கள் போகப்போகத் தாழ்வானதற்கு மாறுங்கள். எடையை ஏற்றுவது போலவே ஆழத்தை ஏற்றுவதும் ஒரு படி. விரல் மூட்டு வலி உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுவதும் பரவலாக வலிப்பது இயல்பு, தானாகப் போகும். மூட்டில் ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினால் அது வேறு. அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள், நீடித்தால் காட்டுங்கள்.

பழைய கருவியை வாங்கலாமா?

இரும்பு பிளேட்டைத் தயங்காமல் வாங்கலாம். மேல்துரு தேய்த்தால் போய்விடும். தராசில் வைத்துப் பாருங்கள், எழுதியிருக்கும் எடையும் உண்மை எடையும் வேறாக இருப்பதுண்டு. மரைத் தண்டு என்றால் நட்டைக் கடைசி வரை கையால் சுற்றிப் பாருங்கள், நடுவில் சிக்கினாலோ வழுக்கினாலோ வேண்டாம். பெஞ்ச் என்றால் தலைகீழாகக் கவிழ்த்து, பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா, சாய்வைப் பூட்டும் முள் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் அடைத்த பிளேட்டைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே பொடி ஓடும் சத்தம் கேட்டால் உடைந்திருக்கிறது. பழைய பேண்ட் வேண்டவே வேண்டாம்.

எதை வாங்கவே வேண்டாம்?

வயிற்றில் கட்டினால் அதிர்ந்து கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லி விற்கிற பெல்ட், வியர்க்க வைக்கும் பட்டை. இரண்டும் எடைப்பயிற்சி அல்ல. கையுறை விருப்பம்தான். இடுப்பு பெல்ட் தொடக்கத்தில் தேவையில்லை.

வாங்கி வந்தாயிற்று. முதல் நாள் என்ன செய்வது?

ஐந்து பயிற்சிகள் போதும். டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. தரையில் படுத்து இரண்டு கையாலும் மேலே தள்ளுவது. ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் இடுப்புப் பக்கம் இழுப்பது. முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கித் தரையிலிருந்து தூக்குவது. இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடப்பது.

நடையைத் தவிர மற்றவற்றில் பத்துப் பத்தாக இரண்டு செட். பத்தாவதைத் தூக்கும்போது "இன்னும் மூன்று முடியும்" என்று தோன்ற வேண்டும். அதற்கு மேல் கனமாக இருந்தால் பிளேட்டைக் கழற்றுங்கள். வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. இரண்டு செட்டிலும் 12 வரை, அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் சுலபமாக வந்துவிட்டால் 1 கிலோ ஏற்றுங்கள். ஏற்றியதும் மறுபடி பத்திலிருந்து.

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் டம்பெல் பக்கத்திலேயே இருக்கட்டும். தேதி, பயிற்சி, எடை, எண்ணிக்கை இவ்வளவு போதும். என் நோட்டின் முதல் பக்கத்தில் தரையில் படுத்துத் தள்ளும் பயிற்சிக்கு நேராக "5 கிலோ, 10, 7" என்று இருக்கிறது. இரண்டாவது செட்டில் ஏழோடு கை நின்றுவிட்டது. அதற்கு அடுத்த வரியில் "4 கிலோ, 10, 10" என்று எழுதியிருக்கிறேன். கையிலிருந்த ஜோடியை விட்டுவிட்டு, கடன் வாங்கிய தண்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிலோவாக மாட்டிய நாள் அது.